முடவன் முழுக்கு

நேற்று கடைமுழுக்கு.
துலாக்கட்டத்திலிருந்து ஈரத் தலையோடு வந்தவர்களுக்கெல்லாம்
இலை போட்டேன்.
விடிகாலை நாலு மணிக்கு நின்ற கால்
இரவு பதினொன்றுக்குத்தான் உட்கார்ந்தது.
சட்டைப்பையில் நூற்று அறுபது.
ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று,
அது இலையைத் தானே மடித்து எழுந்த ஓர் அம்மாள் தந்தது.
மற்றதெல்லாம் பத்து ரூபாய் நாணயம், பதினொன்று.

பத்து ரூபாய் நாணயத்தின் கதை தெரியும்தானே.
மளிகைக் கடையில் வாங்க மாட்டார்கள்.
கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டர்
கண்ணாலேயே திருப்பித் தந்துவிடுவார்.
செல்லும் என்று வங்கியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது,
அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.
எங்கும் போகாத அந்தக் காசுக்கு
எங்கள் சோம்புத் தட்டுக்கு மட்டும் வழி தெரியும்.

இருபத்திரண்டு வருஷம்.
கை பில்லைத் தொடும் விதத்திலேயே சொல்லிவிடுவேன்.
"எந்த ஊருப்பா, சம்பளம் என்ன தர்றாங்க" என்பவர்
கேட்டதோடு சரி.
சம்பந்தம் பேச வந்தவர்கள் நூறு வைப்பார்கள்,
எதிர்த் தரப்பு பார்க்கிற மாதிரி.
டம்ளருக்கு அடியில் செருகிவிட்டு
திருடனைப்போல நழுவுகிறவர்களும் உண்டு.
அடுத்த முறை வரும்போது
அவர்கள்தான் என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கேட்பார்கள்.
இப்போது எல்லாம் போன்.
நூற்று எண்பத்தேழு என்றால் நூற்று எண்பத்தேழு.
மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே
"வச்சுக்கப்பா" என்று சொல்ல.

இன்று கார்த்திகை ஒன்று. எனக்கு லீவு.
கூறைநாட்டு மாடி வீட்டில் கால் வீங்கிக் கிடந்தேன்.
மகள் போனில் தட்டினாள், இரண்டு முட்டைப் பரோட்டா.
கல்யாணப் பந்தி தவிர
யாரும் எனக்குச் சோறு கொண்டுவந்ததில்லை.

மழை. திரையில் ஒரு பொடி வண்டி
காவிரிப் பாலத்தில் நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
நூருல் அமீன் ஐந்து நிமிடத்தில் என்றது,
இருபது நிமிடமாக அதையே சொன்னது.

வந்தான். ஹெல்மெட்டில் நீர் சொட்ட,
பையை வயிற்றோடு அணைத்தபடி படியேறி.
"சாரிண்ணே, முழுக்குக் கூட்டம், பாலத்துல ஜாம்.
ஸ்டார் மட்டும் கொறைச்சிடாதீங்க."
அந்த சாரியை எனக்குத் தெரியும்.
சாம்பார் ஆறினால் அது என் வாயில் இருக்கும்.

கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது.
பதினொரு நாணயம், ஒரு தாள்.
விரல் எதைத் தேடியது என்று சொல்லக் கூசுகிறது.
கலகலப்பு அவனுக்கும் கேட்டிருக்கும்.

ஐப்பசி முழுக்க வழியிலேயே தவழ்ந்து
ஒருநாள் பிந்தி வந்த முடவனுக்காகப்
புண்ணியத்தை ஒருநாள் நீட்டி வைத்த ஆறு இது என்பார்கள்.
அந்த ஒருநாள் இன்று.
போன் கேட்கிறது,
டெலிவரி நேரத்துக்கு வந்ததா?

தாளை எடுத்தேன். நீட்டத் தெரியவில்லை.
வாங்கியே பழகிய கையை
எந்தப் பக்கம் திருப்பிக் கொடுப்பது?
நாலாய் மடித்து அவன் உள்ளங்கையில் அழுத்தி
"டீ குடி தம்பி" என்றேன்.
யாரோ முதலாளி பேசுகிற மாதிரி இருந்தது.

அவன் போகவில்லை.
"அண்ணே, பையில பத்து ரூவா காசா?
நீடூர் பங்க்ல எனக்கு வாங்கிக்கிறான்.
மாத்தித் தரவா?"
வாசலிலேயே குந்தி, பத்து எண்ணி,
ஈரம் படாத ஒரு நூறு தந்தான்.
பதினொன்றாவதைத் துடைத்து
"இது கணக்குல வரலைண்ணே" என்று
என் கையில் வைத்துவிட்டு இறங்கினான்.

"அவர் உனக்கு டிப்ஸ் குடுத்தாராப்பா?" என்றாள் மகள்.

பரோட்டா ஆறித்தான் இருந்தது.
நட்சத்திரம் ஐந்தையும் அவளே போட்டாள்.