பதினேழாம் எண் மூடி

பழையபேட்டை கவுஸ் பாய் கடையில்
எல்லாமே எடைதான்.
பீர் பாட்டில் தனி, உடைசல் தனி.
மூடியில்லாத ஜாடி என்றால்
அது உடைசலில் சேர்த்தி.

இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை.
எட்டு மணிக்கே போய்க் குத்தவைத்துவிடுவேன்,
கைப்பையில் கள்ளநோட்டுப் பார்க்கும் சின்ன விளக்கோடு.
பதினோரு வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவளுக்குச்
சந்தேகம் விரல்நுனியில் இருக்கும்.

முதலில் பக்கவாட்டுத் தழும்பு.
அச்சின் கோடு அடியிலிருந்து ஏறிக்
கழுத்தோடு நின்றுவிட்டால் சந்தோஷம்.
உதட்டையும் தாண்டி ஓடினால் எந்திரத்தின் பிள்ளை.
அதையும் தள்ளமாட்டேன்,
பேரம் மட்டும் பேசுவேன்.

பிறகு கவிழ்த்து அடியைப் பார்ப்பது.
அலமாரியில் ஆயிரம் முறை இழுபட்டதற்குக்
கீறல்கள் திசைக்கொன்றாகப் போகும்.
உப்புத்தாள் போட்டுப் பழசாக்கியவன்
ஒரே பக்கமாகத் தேய்த்திருப்பான்.
பாவம், அவனுக்கு அவசரம்.

குமிழி இருந்தால்
யாரோ ஊதிய மூச்சு என்பார்கள் அழகாக.
உலையில் சூடு பத்தவில்லை,
அவ்வளவுதான்.

கடைசியில்தான் விளக்கு.
ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி
இருட்டில் அதைக் காட்டியபோது
அந்த ஜாடி
மாங்காய்த் தோலின் உட்புறம்போல் வெளிறிய பச்சையில்
லேசாக எரிந்தது.
கவுஸ் பாய் இரண்டடி பின்வாங்கினார்:
"உள்ள கரண்ட் கிரண்ட் இருக்காம்மா?"
நாற்பது ரூபாய் என்றார்.
கூடவே கையும் கழுவிக்கொண்டார்.

புளியும் சாம்பலும் போட்டு மூன்று தரம் தேய்த்தேன்.
கிராம்பு வாசம் போகவில்லை,
மழை பிடித்தால் இன்னும் தூக்கலாக வரும்.
கழுத்தின் உட்புறம் ஊசியால் கீறிய எண்: 17.
ஏழின் வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு.
மூடியையும் கழுத்தையும் சேர்த்தே அரைத்து
இரண்டிலும் ஒரே எண் போடுவார்களாம்,
மாறிவிடக் கூடாதென்று.

நான்கு வருடம்.
ராயக்கோட்டை, கெலமங்கலம், பர்கூர்ச் சந்தை.
ஓசூரில் ஒரு காப்பிக் கடை
இதே மாதிரி ஜாடிக்குள் பல்பு போட்டு
உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தது.
எல்லாவற்றுக்கும் மூடி தொலைந்திருந்தது
என்பதில் ஓர் ஆறுதல்.

பிறகு காவேரிப்பட்டணம், நாகவேணி எண்ணெய்க்கடை.
மாங்காய்ப் பருவத்துக் காற்றில் படபடக்கும்
பாக்கிச் சீட்டுகளின்மேல்
அது உட்கார்ந்திருந்தது.
"தூக்கிப் பாக்கலாமா?"
அடியில் 17.
வயிற்றில் கோடு போட்ட ஏழு.

மறுவாரம் ஜாடியைத் துண்டில் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துப் போனேன்.
"தைலமா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.

மூடியை வைத்தேன். உட்காரவில்லை.
அரை நகம் உயரத்தில் நின்று ஆடியது.
திருப்பி வைத்தேன்.
எச்சில் தொட்டு வைத்தேன்.
நாகவேணி வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நம்பர் ஒண்ணா இருந்தா ஒண்ணாயிடுமா?
எங்க தெருவுல பதினேழு ரெண்டு இருக்கு.
பழைய நம்பர் நாங்க, புது நம்பர் முனிரத்னம்.
கரண்ட் பில்லு மாறி வரும்,
மாத்திக்குவோம்."

அதற்குள் சீட்டெல்லாம் பறந்துவிட்டன.
தெருவில் குனிந்து நானும் பொறுக்கினேன்:
கடலெண்ணெய் இரண்டு, தூக்குவாளி பாக்கி,
யாரோ ஒரு மாதம்மாளின் முந்நூற்றுப் பத்து.
மூடி திரும்பவும் அதன்மேல் போய் உட்கார்ந்தது,
கச்சிதமாக.

வீட்டுக்கு வந்து என் பேரேட்டைத் திறந்தேன்.
'17: மூடி இல்லை' என்ற வரியை
அடிக்கவில்லை.
பக்கத்தில் சிவப்பு மையில்
'மூடி ஒன்று காவேரிப்பட்டணத்தில் உள்ளது.
இதற்கல்ல.'
தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.