முப்பத்தேழு புள்ளி நான்கு

பம்ப் கம்பெனி எழுதியிருந்தது: பதினான்கு வாரம்.
அதுவும் நிச்சயமில்லை, அந்த மாடலின் அச்சையே உடைத்தாயிற்று,
வேண்டுமானால் பம்ப்பைப் புதிதாய் வாங்குங்கள்.
ஓயார்ஸோ அந்தத் தாளை நாலாய் மடித்து
என் மேசையின் ஆடும் காலுக்கு அடியில் செருகினார்.
மேசை நின்றது.

வெளியே புந்தா அரினாஸ்.
காற்று அடிக்கும் நாளில்
தெருமுனைக்குத் தெருமுனை கயிறு கட்டும் ஊர்.
துறையில் 'டோன்யா ஹெர்மினியா',
பனிக்கண்டத்துத் தளங்களுக்கு
டீசலும் உருளைக்கிழங்கும் சுமக்க வேண்டியவள்,
குளிர்நீர்ப் பம்ப் செத்து
நாள்வாடகை கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பழைய இம்பெல்லரைச் செய்தித்தாளில் சுற்றி
மீன் வாங்கி வந்தவர்போல் நீட்டினார் சீஃப்.
எறும்பு ஊரக் கல்லே தேயுமாம்.
இருபத்திரண்டு வருஷம் உப்புநீர் ஊர்ந்திருக்கிறது இதில்.
இதழ்கள் எல்லாம்
குழந்தை கடித்துப்போட்ட பிஸ்கட்.

ஸ்கேனருக்கு எது உடல், எது காயம் என்று தெரியாது.
தேய்ந்ததைத் தேய்ந்தபடியே கொண்டுவந்து வைத்தது.
நான் திரையில் உட்கார்ந்து
கடிபட்ட விளிம்புகளுக்குச் சதை வைத்தேன்.
நடுத்துளை கொஞ்சம் சிறுத்துத் தெரிந்தது.
உப்புப் படிவு என்று அழித்தேன்.
பழைய வரைபடம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்றது.
முப்பத்தெட்டு என்றேன்.

வெண்கலத் தூள், கோதுமை மாவைவிட நைஸ்.
ஒரு தும்மலுக்கு ஒரு மாதச் சம்பளம்.
முகமூடிக்குள் வேர்த்தபடி கொட்டி, மூடி,
ஆர்கனை நிரப்பினேன்.
கத்தி வந்து தூளை வழித்துப் பரப்பும்.
லேசர் வந்து அதில் எதையோ கிறுக்கும்.
கிறுக்கிய இடம் உருகும், உறையும்.
தட்டு ஒரு மயிரிழையில் பாதி இறங்கும்.
மறுபடி கத்தி.
இரண்டாயிரத்து நானூறு தரம்.
ராத்திரி பத்தரைக்கும் வெளிச்சம் போகாத டிசம்பரில்
ஒன்றுமே நடக்காததுபோல் நடக்கிற வேலை.

பக்கத்திலேயே மூன்று குச்சிகளும் வளர்ந்தன.
அதே தூள், அதே நெருப்பு, அதே முப்பத்தோரு மணிநேரம்.
உடைவதற்கென்றே பிறந்தவை.
சர்வேயர் மிளாதினிச் அம்மாள்
ஒவ்வொன்றாய் இயந்திரத்தின் இரு தாடைகளில் மாட்டி
இழுத்தார், இழுத்தார்,
டப்.
எண்ணைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்து
மறுபடி படித்தார்.
கையெழுத்து வர இன்னொரு காபி ஆயிற்று.

எல்லாப் பரீட்சையும் தேறிய சக்கரம்
கப்பலின் தண்டில்
அண்ணன் மோதிரம் தம்பி விரலில் ஆடுவதுபோல் ஆடியது.

ஓயார்ஸோ திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
காலிப்பரை எடுத்துத் தண்டை அளந்தார்.
முப்பத்தேழு புள்ளி நான்கு.
பழைய இம்பெல்லரை விளக்கருகே சாய்த்தார்.
நான் உப்பென்று அழித்தது
ஒரு பித்தளை வளையம்.
எந்தத் துறைமுகத்திலோ, எந்த அவசரத்திலோ
பழுதான தண்டைக் கடைந்து சிறிதாக்கி,
இடைவெளிக்கு வளையம் இறக்கி,
எவனோ
லாக்புக்கில் ஒரு வரி எழுதாமல்
சாப்பிடப் போயிருக்கிறான்.
"யெர்கா, கப்பலிடம் கேட்டிருக்கணும்" என்றார்.
"படத்திடம் கேட்டுவிட்டோம்."

மறுபடி தூள். மறுபடி முப்பத்தோரு மணி.
மறுபடி மூன்று குச்சிகள்.
இரண்டாம் நாள் இரவு காற்றில் மின்சாரம் ஒரு கணம் இமைத்தது,
நானும் பேட்டரியும் விழித்துக்கொண்டோம்.
வேறு சம்பவம் இல்லை.

உள்ளங்கையால் ஒரு தள்ளு,
ஏறி உட்கார்ந்தது.
வெள்ளிக்கிழமை நீரிணையில் அவள் திரும்பும்போது
பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போனாள்,
அதைத்தான் பார்த்தேன், கப்பலை அல்ல.

கோப்புக்குப் பெயர் வைக்கச் சொன்னது கணினி.
அந்த வளையக்காரன் பெயர் தெரியாது.
'எவனோ-37.4' என்று அடித்தேன்.

முதல் சக்கரம் இங்கேதான் இருக்கிறது,
படத்துக்குப் பிசகாமல், கப்பலுக்கு ஆகாமல்.
நல்ல கனம்.
காற்று நாட்களில்
பட்டறைக் கதவை அதுதான் பிடித்துக்கொள்கிறது.