படங்கு

பங்குனி பிறந்தும் மூன்று பாகை என்றது ரேடியோ.
அக்கரப்பத்தனையில் அதற்கும் கீழே இருக்கும்;
பீலித் தண்ணீர் பல்லைப் பிடுங்குகிறது.

முயல் இரண்டையும் கொழுந்துக் கூடையில் போட்டு
அடுப்படிக்குக் கொண்டுவந்தேன்.
லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு
டிலானியின் பள்ளிக்கூடச் சுவெட்டர்.
ஒன்று மட்டும் கண்ணை மூடவே இல்லை.

டொபி உள்ளே வரமாட்டான்.
இஸ்தோப்பில் சுருண்டு கிடந்தான்,
வாலுக்குள் மூக்கு.
கூப்பிட்டேன், திட்டினேன், கருவாடு காட்டினேன்.
கடைசியில் ஆணியில் தொங்கிய படங்கை எடுத்துப் போர்த்திவிட்டு
கதவைச் சாத்தாமல் படுத்தேன்.

விடிந்து வெயில் பட்டதும்
ஐந்தாம் நம்பர் மலை முழுக்கக் கருகிப்போனது,
வெந்நீர் ஊற்றிய மாதிரி.

பெரட்டில் கணக்கப்பிள்ளை கேட்டார்:
படங்கு எங்கே?

நாய் இன்னும் எழும்பவில்லை
என்றேன்.