ஏழரை அடி

துரை பங்களாவை ஹோட்டலாக்குகிறார்கள்.
கழற்றியதையெல்லாம் புல்தரையில் குவித்து
சனிக்கிழமை ஏலம் போட்டார்கள்.
குளியல்தொட்டி நுவரெலியாவுக்குப் போனது.
பித்தளைக் குமிழ்களைப்
பழைய இரும்புக்காரன் நிறுத்து வாங்கினான்.
மழை இறங்கும் நேரத்தில்
யாரும் கை வைக்காத ஒரு கதவு
ஆறாயிரத்துக்கு எங்களுடையதானது.

கொழுந்து லொறியில் ஏற்றிவர டிரைவருக்கு ஐந்நூறு.
லயத்துச் சுவரில் சாய்த்து வைத்தபோது
வீடு அதன் பக்கத்தில்
குனிந்து நிற்பதுபோல் இருந்தது.

பியசிறி பாஸ் அளந்தார்.
கதவு ஏழரை அடி.
எங்கள் நிலை ஐந்தே முக்கால்.
"ஏழரையா? அதுவும் சனிக்கிழமை வாங்குனதா?"
பக்கத்துக் காம்பரா ஞானசவுந்தரி
வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெட்டுவோம்" என்றார் பாஸ்.
எங்கே வெட்டுவது?
மேலே வெட்டினால் செதுக்கிய பூ போகும்.
கீழே வெட்டினால்
ஒரு நாயின் நகக் கீறல்கள் போகும்.
உள்ளே விடச் சொல்லிப் பிறாண்டிப் பிறாண்டி
உள்ளே விடப்பட்ட நாய்.
கீறலில் விரலை வைத்துப் பார்த்தேன்.
நல்ல ஆழம்.

"அப்ப செவர ஒசத்துங்க."
என் வாய்தான் சொன்னது.
"ஆணி அடிக்கவே ஆபீஸ் கடுதாசி கேக்குறான்.
செவர ஒசத்துறாளாம்."

மூன்று இரவு
கொழுந்துச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது கதவு.
பெரட்டுக்குப் போகிறவர்கள் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள்,
யாரோ பதில் சொல்வார்கள் என்பதுபோல.

நான்காம் நாள் சன்னாசி அதைக்
கல்லடுக்கி, படுக்கப்போட்டுச் சுரண்டினார்.
கபிலம். அதற்கடியில் வெண்மஞ்சள்.
அதற்கும் அடியில் பச்சை.
கடைசியில்
பலாச்சுளை நிறத்தில் மரம்.
அவர் ஒரு முனையில் சுரண்டச் சுரண்ட
மறுமுனையில் கிருஷாந்தினி
கொப்பியை விரித்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.
வாளோடு வந்த பாஸ்
கொஞ்சநேரம் பார்த்தார்.
வாளைச் சாக்குக்குள் திரும்பச் செருகினார்.

மூடிக்கிடக்கும் ஸ்டோரின் வாட்டுத்தட்டிலிருந்து
விறகு விலைக்கு நான்கு கால்கள்.
கதவைப் பக்கவாட்டில் சரித்து
வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனோம்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
பாதி மேசை.
மீதியில் நாங்கள் ஐந்து பேர்.
இரவில் அதன் கீழ் இரண்டு பேர் படுக்கலாம்.
ஈரத்துணியால் துடைத்தால்
கால்களிலிருந்து தேயிலை வாசம் எழும்பும்.

சாவித் துவாரத்தை அடைக்கவில்லை.
முதலில் அதில் பென்சில்கள் விழுந்தன.
பிறகு சன்னாசி மேசையை ஒரு சாண் நகர்த்தினார்.
இப்போது தகரத்தில் ஒழுகும் சொட்டு
நேராகத் துவாரத்துக்குள் இறங்கி
கீழே வாளியில் விழுகிறது.
கொப்பி நனைவதில்லை.

ஹோட்டல்காரர்களே,
பங்களாக் கூரையைக் கழற்றுகிற அன்றைக்கு
எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.
சனிக்கிழமையானாலும் பரவாயில்லை.