மூணு மணிக்கு வாருங்க

"நகல் மூணு மணிக்குத்தான் கிட்டும்,
சும்மா நடந்துட்டு வாருங்க" என்றார்
பத்திரம் எழுதும் யோவேல்.
சும்மா நடக்க என்னிடம்
வார் பிய்ந்த செருப்பும்
நாலு மணி நேரமும் இருந்தன.

குழித்துறையின் பழைய பக்கம்
பேருந்துச் சாலைக்கு முதுகைக் காட்டி
ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.
சரிவில் இறங்கும் சந்துக்கு ஓர் ஆள் அகலம்.
எதிரே வாழைக்குலை வந்தால்
நான்தான் சுவரோடு சுவராக வேண்டும்.
இரண்டு குலைக்கு வழிவிட்டேன்.
மூன்றாவது குலைக்கு அடியிலிருந்து
"வரட்டா" என்று ஒரு குரல்.

கச்சேரிக் கட்டடத்தின் நெற்றியில்
பழைய அரசின் சங்கு.
சங்கின் சுழிக்குள் குளவிக்கூடு.
கீழே பிராய்லர் கடை:
பலகையில் தமிழ்,
பலகைக்குப் பின்னால் சுண்ணாம்பு உரிந்த இடத்தில்
பாதி மலையாளம்.
கடைக்காரர் இரண்டையும் படிப்பதில்லை,
விலையைச் சாக்பீஸால் எழுதி
எச்சில் தொட்டு அழிக்கிறார்.

ஓட்டு வீடுகள் தோளுரசி நிற்கின்றன.
ஒன்றின் மாடி ஜன்னலில்
பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்தன.
எந்த நூற்றாண்டு என்று
யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

டீக்கடை லீலாபாய் கேட்டாள்:
"நீங்க எந்த வீடு?"
மதுரை என்றேன்.
"அது ஊராக்கும். வீடு?"
பைக்குள் துழாவி
மடிப்பில் கிழிந்த கரம் தீர்ந்த ரசீதை எடுத்து
எழுத்துக் கூட்டினேன்:
தோட்டுக்கரைவிளை.
அவள் டீ வடிகட்டியை நீட்டினாள்,
ஆற்றின் நடுவை நோக்கி.
"அந்தா."
சக்கை சொட்டிக்கொண்டிருந்தது.
டீக்குக் காசு வாங்கவில்லை.
ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றே காலுக்கு யோவேல் வாசித்தார்,
மூக்குக்கண்ணாடியை ஏற்றி,
மலையாளத்தைத் தமிழாக்கி, இடையில் ஏப்பம் விட்டு:
கிழக்கு நடவழி.
வடக்கு வறுவேல் வகை விளை.
மேற்கு ஒற்றைப் பனை.
தெற்கு ஆறு.
"தெற்கு மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்" என்றார்,
"முத்திரைக்கு முப்பது ரூபா சில்லறை இருக்கா?"

திரும்பும்போது சப்பாத்து வழியே வந்தேன்.
கல்லின் மேல் கணுக்கால் தண்ணீர்.
நகலை ரவிக்கைக்குள் செருகி
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
நடுவில் வந்து நின்றபோது
கிழக்கு, வடக்கு, மேற்கு என்று
ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன்.
பனை இல்லை.
குளிர்ச்சியாக ஏதோ
விரலிடுக்கில் புகுந்து போனது.

"எக்கா, ஒதுங்குங்க" என்றான்
ஸ்கூட்டரில் மீன்கூடை கட்டியவன்.
ஒதுங்கினேன்,
எங்கள் விளையில்
அவனுக்கு வழிவிட்டு.