பாறைக் குத்தகை

கடையாலுமூட்டுக்கு அப்பால்
ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில்
பாதி உடைத்து விட்டுப்போன பாறை.
மாதம் மூவாயிரத்துக்கு எழுதிக் கொடுத்தபோது
ஞானதாசன் முதலாளி இரண்டு முறை கேட்டார்:
"உடைக்கல்லையா? பின்ன எதுக்காக்கும் உனக்குப் பாறை?"

ஏறத்தான் என்றேன்.
"ஏறி?"
இறங்க.
இதைப் பத்திரத்தில் எப்படிச் சொல்வதென்று
ஆவண எழுத்தர் பேனாவை மூடிவைத்து யோசித்தார்.

வளையல் நான்கும் வங்கியில் இருக்கின்றன.
பதிலுக்கு வீட்டில் இருப்பவை
இருநூறு மீட்டர் கயிறு, பன்னிரண்டு தலைக்கவசம்,
ஒரு சாக்கு நிறைய இடுப்பு வாரும் கொக்கியும்,
தீயணைப்பான் ஒன்று.
அது எதற்கென்று தெரியாது,
காப்பீட்டுக்காரர் கேட்டார்.

மார்த்தாண்டத்தில் பதினேழு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினேன்,
அதற்குக் கயிறு தேவைப்படவில்லை.
ஒரு தாளாளர் நோட்டீஸைத் திருப்பிப்
பின்பக்கம் தேடினார், எத்தனை மார்க் என்று.
ஒரு தாய் கேட்டாள்: "விழுந்தா?"
விழ விடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.
விழுவார்கள், கயிறு பிடிக்கும் என்றேன்.
அத்தோடு அந்தப் பள்ளியும் போயிற்று.

ஜூன் முழுக்க மழை. அக்டோபரில் அடுத்தது.
இரண்டு பருவமழை பெய்யும் மாவட்டம் என்று
ஆறாம் வகுப்பில் பெருமையாய் ஒப்பித்தவள்
கணக்கு நோட்டில் அதையே
சிவப்பு மையில் எழுதினேன்.

டிசம்பரில் ஒரு போன்.
"பிள்ளே, ஆளுக்கு எவ்வளவு?"
அருமனை அண்டியாபீஸிலிருந்து ரோஸ்லெட்.
பதினொரு பேர். சீட்டுப் பணத்தில் மிச்சம் உண்டாம்,
போன வருசம் வேளாங்கண்ணி போனார்களாம்.
வயது கேட்டேன்.
"முப்பத்தாறு முதல் அம்பத்தொண்ணு வரை. அதுக்கென்ன?"

பத்து முதல் பதினாறு வரை என்றுதான்
படிவத்தில் அச்சடித்திருந்தேன்.
அடியில் பெற்றோர் கையொப்பம்.
ஞாயிறு ரெண்டாம் பூசை முடிந்து
மகன்களின் டிராக் சூட்டில் வந்து நின்றார்கள்.
பதினொரு படிவத்திலும் கையெழுத்து இருந்தது,
மகள்கள் போட்டது.
ஒன்றில் மட்டும் கூடுதலாக:
'கத்தினா உடனே இறக்கிவிடவும்.'

அண்டி எண்ணெய் தின்ற விரல்கள்.
துடைத்துத் துடைத்து வைத்தாலும்
ரேஷன் கடை இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாதவை.
பாறைக்குத் தெரிந்தது.
உத்தரகாசியில் இருபத்தெட்டு நாள்
நான் காசு கட்டிக் கற்ற பிடியை
சொல்லிக்கொடுக்கும் முன்னே பிடித்தார்கள்,
அரை விரல் விளிம்பைக் கிள்ளி,
பருப்பு நொறுங்காமல் தோடு கழற்றும்
அதே அழுத்தத்தில்.

நடுப்பாறையில் ரோஸ்லெட் நின்றுவிட்டாள்.
இறக்கட்டுமா அக்கா?
"நில்லு பிள்ளே. எனக்க வீடு தெரியுதான்னு பாக்கேன்."
இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள்.
ரப்பர் மரங்கள், அதற்கப்புறமும் ரப்பர் மரங்கள்.
"இல்ல, தெரியல்ல" என்றாள்.
பிறகு, "கொள்ளாம்" என்றாள்.
இறங்கவில்லை.
கையை விட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள் வாரில்.

கீழே என் இடுப்பில்
அவளுடைய எடை முழுக்க.
பக்கத்தில் அடுத்தவள்
தலைக்கவசத்தை மாட்டி, கழற்றி,
கொண்டையை அவிழ்த்து
மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.