சிறுகுறிப்பு வரைக

பலாலி வீதியில் பூட்டிக் கிடந்த டியூட்டரியைப்
பத்து நாளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.
சுவரில் 2011 உயிரியல் பிரிவு நேரசூசி
இன்னும் முழுதாய் உரிபடவில்லை.
வாங்குகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு
ஆறு பேர் தங்கள் வேலைகளை வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தந்தது சின்ன வேலை.
ஒவ்வொன்றுக்கும் கீழே ஒட்ட
நாற்பது சொல்லுக்கு மேற்படாமல் ஒரு குறிப்பு.
குறிப்புக்கு முந்நூறு ரூபாய்,
தேத்தண்ணி தனி.

நிதர்ஷன் குருநகர்ப் பொடியன்.
ஐஸ் கொம்பனியில் வாங்கிய பாளத்தைக்
காலையில் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவான்.
பாளத்துக்குள்ளே ஒரு ரோச், எரிந்தபடி.
'உருகுகிறது' என்று எழுதினேன்.
மத்தியானம் வந்து பார்த்தால் பொய்:
தண்ணீரில் கிடந்து மினுங்குகிறது ரோச்.
'உருகியது' என்று மாற்றினேன்.
விடிய, புதுப்பாளம்.
வினைமுற்று இல்லாமல் எழுதப் பழகினேன்.

றமீஸாவுக்குச் சோனகதெரு.
பிறந்தது மட்டும் புத்தளம்.
வெளியே போகிற வாசலில் மேசை போட்டு இருக்கிறாள்.
போகிறவர்களின் பையைத் திறக்கச் சொல்லுவாள்.
ஒன்றும் எடுக்கமாட்டாள்.
பார்த்துவிட்டு மெல்ல மூடிக் கொடுப்பாள்.
'இதில என்ன கருத்துப் பிள்ளை?'
கொஞ்சம் கோபமாய்த்தான் கேட்டார் ஒரு கணக்காளர்.
'உங்கட வயசுக்கு விளங்கும், சேர்.'
அவர் சிப்பை இழுத்து மூடினார்.
பிறகு, போகாமல்,
வாசலில் கனநேரம் நின்றார்.
என் நாற்பது சொல்லில் முப்பத்தெட்டை வெட்டினாள் றமீஸா.
மிச்சம்: 'பை. வாசல்.'
அதற்கும் முந்நூறு தந்தார்கள்.

வேறு மூவருக்கு நாற்பது சொல்லும் எழுதினேன்.
பிழை ஒன்றுமில்லை.
ஒருவரும் வாசிக்கவில்லை.

இனித் தர்மிகன்.
படித்தது சித்திரம். சம்பளம்,
கொக்குவிலில் ஒரு வீட்டைப் பார்ப்பதற்கு.
வீட்டுக்காரி ஸ்காபரோவில்.
போட்டிக்கோவின் மேலே கமெரா.
காலை ஆறரைக்கு அதன் முன்னால்
பலாச் சருகு கூட்டவேண்டும், ஒப்பந்தம் அப்படி.
ஒருநாள் ஒரு கோடு அளவுக்குச் சருகை விட்டுப் பார்த்தான்.
அடுத்தநாள் ஒரு வளைவு.
மாரி முடிய, ஒரு ஆடு, ஒரு தண்ணீர்த் தாங்கி,
கால் மடித்துப் படுத்திருக்கும் ஒரு ஆள்.
மேலே இருந்தால்தான் படம்.
முற்றத்தில் நின்றால் வெறும் குப்பை.
கமெரா பிடித்ததையெல்லாம்
இங்கே கரும்பலகையில் ஓடவிட்டிருக்கிறான்.
'அவவுக்குத் தெரியுமோ?'
'ஒண்டும் கேக்கேல்லை. மாசம் முடியக் காசு வரும்.'
நான் எழுதினேன்: 'விளக்குமாறு, சருகு.
பார்வையாளர்: ஒருவர்.'

நல்லூர்க் கொடியேற்றத்தோடு அவ வந்துவிட்டா.
ஏழாம் நாள் பின்னேரம்,
காலில் புதுச்செருப்புக் கடித்த பிளாஸ்ரரோடு,
கரும்பலகைக்கு முன்னால்.
'இது என்ர முற்றம்' என்றா.
ஒருவரும் மூச்சு விடவில்லை.

'இங்க ஆறரை எண்டா அங்க
முதல்நாள் ராத்திரி ஒம்பது.
உம்மட இண்டைய படத்தை
நான் நேற்றே பாத்துப்போட்டுத்தான் படுக்கிறனான்.
வள்ளம் ஒண்டு கீறத் தொடங்கினீர்.
அண்டைக்குக் காத்து. முடிக்கேல்லை.'

தர்மிகன் என்னைப் பார்த்தான்,
குறிப்பு எழுதுகிறவளிடம்
ஏதாவது சொல் இருக்கும் என்பதுபோல.
என்னிடம் இருந்ததோ
இறந்தகாலமா நிகழ்காலமா என்ற பழைய தடுமாற்றம்.

போகும்போது றமீஸாவுக்குப் பை திறந்து காட்டினா:
கடவுச்சீட்டு, பனடோல், திறப்புக்கோர்வை.
றமீஸா மூடிக் கொடுத்தாள்.

படியில் நின்று திரும்பி,
'நாளைக்கும் கூட்டுவீர்தானே?'
'நீங்கள் இங்க நிக்கேக்க,
அங்க ஆர் பாக்கிறது?'
கொஞ்சம் யோசித்தா.
'அறைக்குள்ள இருந்து போனில பாக்கிறன்.
நீர் வள்ளத்தை முடியும்.'

குறிப்பை நான் மாற்றவில்லை.